மஞ்சள் பூசிய முகம்

என் பெரியம்மா மகளின் வளைகாப்புப் படம் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. 1987இல் எடுத்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடு. முன்கூடத்தில் தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, மேலே பாய் விரித்து அக்காவை உட்கார வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், முகமெல்லாம் மஞ்சள். எனக்கு அப்போது ஒன்பது வயது. படத்தின் ஓரத்தில் பாதியாக நிற்கிறேன். படம் எடுத்த மூன்றாவது வாரம் அக்கா இறந்துபோனாள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. "பிரசவத்துல போயிட்டா" என்பதுதான் இன்றுவரை குடும்பத்தில் சொல்லப்படுகிற கதை. பிரசவமே ஆகவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல், வாந்தியெடுத்து, கடைசி இரண்டு நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றி அவள் இறந்தாள் என்று அம்மா என்னிடம் சொன்னதே நான் முனைவர் பட்டம் முடித்த பிறகுதான்.

அந்த மாதம் தெருவில் ஏழெட்டுப் பேருக்குக் காமாலை வந்திருக்கிறது. ஆயா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் எல்லோருக்கும் கொடுத்தாளாம். எல்லோரும் பிழைத்து எழுந்து தறியில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

அவள் மட்டும் ஏன் என்ற கேள்விதான் என்னை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்குள் தள்ளியது. தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பிரதியில் யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள், யார் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நான் சோறு தின்னும் தொழில். மருத்துவக் கட்டுரையும் பிரதிதானே.

கதை டெல்லியில் தொடங்குகிறது. 1955இல் யமுனையில் வெள்ளம் வந்து, நஜஃப்கர் வடிகாலின் கழிவு எதிர்த்திசையில் ஏறி வஜீராபாத் நீரேற்று நிலையத்தில் கலந்தது. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஏறக்குறைய 29,300 பேருக்குக் காமாலை. ஆர். விஸ்வநாதன் எழுதிய 1957ஆம் ஆண்டு அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆண்டு, அந்தக் கொள்ளைநோயில் கர்ப்பிணிகளுக்கு என்ன ஆனது என்று தனிக் கட்டுரை ஒன்றும் வந்திருக்கிறது. ஆக, கர்ப்பிணிகள் கூடுதலாக இறக்கிறார்கள் என்பது என் அக்கா பிறப்பதற்கு முன்பே அச்சில் இருந்த செய்தி. அது அச்சிலேயே இருந்தது.

அன்று எல்லோரும் அதை ஹெபடைட்டிஸ் ஏ என்றே நினைத்தார்கள். சேமித்து வைத்திருந்த டெல்லி நோயாளிகளின் ரத்தநீரைப் பிற்பாடு சோதித்து, அது ஏயும் இல்லை, பியும் இல்லை என்று 1980இல் ஒரு கட்டுரை சொன்னது. அதனால் நோய்க்குப் பெயரே 'ஏ-அல்லாத, பி-அல்லாத' என்று ஆயிற்று. பிரம்மத்தைத்தான் அதுவல்ல இதுவல்ல என்று சொல்லிப் பழக்கம் நமக்கு. ஒரு கிருமியும் பத்து வருடம் அப்படியே அழைக்கப்பட்டிருக்கிறது.

1978 நவம்பரில் காஷ்மீரில் அதே நோய் பெரிதாகக் கிளம்பியது. முகமது சுல்தான் குரூ என்ற மருத்துவர் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தார். 1981இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையை நான் பலமுறை படித்திருக்கிறேன். கர்ப்பிணிகள் 208 பேர். காமாலை கண்டவர்கள் 36. அந்த 36 பேரில் எட்டுப் பேருக்கு ஈரல் திடீரெனச் செயலிழந்தது. கர்ப்பமில்லாத பெண்களில் நோய் கண்டவர்கள் 71. ஈரல் செயலிழந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோதுதான் என் தெருவை முதல்முறையாகப் புரிந்துகொண்டேன். ஏழெட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்ததும் அக்கா எழாமல் போனதும் ஒரே தண்ணீரின் வேலையாக இருந்திருக்கலாம். 1987இல் அதைச் சோதித்து அறிய வழி கிடையாது. வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து, 'ஈ' என்ற எழுத்து அதற்கு நிலைத்தது 1990இல்.

குரூவுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். கர்ப்பிணிகளைத் தனியே எண்ண வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். அவர் எண்ணியிருக்காவிட்டால் 'பிரசவத்தில் போனவர்கள்' கூட்டத்தில் அவர்களும் கலந்திருப்பார்கள். என் விமர்சனம் எண்ணியவர்மீது இல்லை. எண்ணிய பிறகு நடந்ததன்மீது.

அதற்கு முன் இன்னொரு கதை. 1983இல் மிகயீல் பலயான் என்ற சோவியத் அறிவியலாளர், நோயுற்ற ஒன்பது பேரின் மலத்திலிருந்து எடுத்த வடிநீரைத் தாமே குடித்தார். முப்பத்தாறாம் நாள் அவருக்குக் காமாலை. தம் மலத்திலேயே வைரஸ் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். ஹெபடைட்டிஸ் ஈ பற்றிய எந்த வரலாற்றிலும் இந்த நிகழ்ச்சி தவறாமல் வரும், சற்று மெய்சிலிர்ப்போடு. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையாடலின் அமைப்பைப் பாருங்கள். ஒருமுறை, தெரிந்தே, திரும்பி எழுந்துவிடக்கூடிய வயதிலும் உடல்நிலையிலும் அந்த நீரைக் குடித்த ஆணுக்குப் பெயரும் ஊரும் நாள்கணக்கும் இருக்கின்றன. தெரியாமல் குடித்து இறந்த பெண்களுக்குச் சதவீதம் இருக்கிறது. வீரயுகப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது நடுகல் யாருக்கு நடப்பட்டது என்று மாணவிகளைக் கேட்பேன். இங்கும் அதே கேள்விதான்.

இனி தடுப்பூசி. நேபாளத்தில் நடந்த முதல் பெரிய சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் ராணுவத்தினர், 2,000 பேர். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். மூன்று தவணையும் போட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. அவ்வளவு நல்ல ஊசி அத்தோடு கடைக்கு வராமலே நின்றுபோனது. அடுத்தது சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில்: 1,12,604 பேர், ஆண்களும் பெண்களும், 16 வயது முதல் 65 வரை. 2010இல் முடிவு வந்தது, மறு ஆண்டே சீன அரசு உரிமம் தந்தது. கர்ப்பிணிகளை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் நிலைப்பாட்டை வெளியிட்டபோது, கர்ப்பிணிகளிடம் பாதுகாப்புத் தரவு போதவில்லை, ஆகவே வழக்கமாகப் போடப் பரிந்துரைக்க முடியாது, கொள்ளைநோய்க் காலத்தில் மட்டும் பரிசீலிக்கலாம் என்றது.

இந்த வட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நோய் யாரை அதிகம் கொல்கிறது? கர்ப்பிணியை. மருந்தை யாரிடம் சோதிக்கவில்லை? கர்ப்பிணியிடம். யாருக்குத் தரத் தயங்குகிறோம்? அதே கர்ப்பிணிக்கு. ஏன்? சோதிக்கவில்லையே, அதனால்.

விலக்கியதற்குக் காரணம் இருந்தது. தாலிடோமைடு மாத்திரை விழுங்கிய தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்த நினைவு மருத்துவ உலகை உலுக்கியிருந்தது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருவுறக்கூடிய பெண்களையே தொடக்க நிலைச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. நாள்பட்ட ஈ வகைத் தொற்றுக்குத் தரப்படும் ரிபாவிரின்கூடக் கருவைச் சிதைக்கக்கூடியது, கர்ப்பிணிக்குத் தரக் கூடாது. ஆனால் 'உன்னைக் காப்பதற்காக' என்று சொல்லி உள்ளே பூட்டி வைப்பது பெண்களுக்குப் பழகிய வாசகம். ஊசியின் ஆபத்து எழுதப்பட்ட ஆபத்து. யாராவது பொறுப்பேற்க வேண்டும். குடத்துத் தண்ணீரின் ஆபத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யாருமில்லை. தெற்கு சூடானின் பெந்தியு முகாமில் 2022இல்தான் ஒரு கொள்ளைநோயின் நடுவே கர்ப்பிணிகளையும் சேர்த்து இந்த ஊசி போடப்பட்டது. ஐரோப்பாவில் இதே வைரஸின் வேறு வகை பன்றி இறைச்சி வழியாகப் பரவுவது தெரியவந்ததும் பிரிட்டனும் நெதர்லாந்தும் 2017க்குள் தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கிவிட்டன. நம் தடுப்பூசி அட்டவணையில் ஈ இல்லை. கர்ப்பிணியை இந்த வைரஸ் ஏன் இப்படித் தாக்குகிறது என்பதும் முடிவாகத் தெரிந்தபாடில்லை. எகிப்தில் ஏராளமானோருக்குத் தொற்று வந்துபோன தடயம் இருக்கிறது, அங்கே கர்ப்பிணிகள் இப்படி இறப்பதில்லை.

கீழாநெல்லிக்கு வருகிறேன், இல்லையென்றால் ஆயா மன்னிக்கமாட்டாள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. நம் ஊர்க் களைக்கு உலக அரங்கு. பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை; அந்தப் பின்கதை நம் பத்திரிகைகளுக்கு வரவில்லை. முக்கியமானது வேறொன்று. அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது. ரத்தத்தில் பரவுவது அது. தெருவில் தண்ணீர் வழியாகக் கூட்டமாக வரும் காமாலை பெரும்பாலும் ஏ அல்லது ஈ. இவை இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடும், மோர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். ஆறியதன் பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்கிறது. அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள். எட்டாம் மாதத்துப் பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் கிடையாது.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் ஊரில் அதைத் திருப்பித்தான் போட வேண்டும். மஞ்சள் பூசிய முகத்தில் காமாலை தெரியாது. ஒன்பதாம் மாதம் வரை மஞ்சள் தேய்த்துக் குளித்து, நாற்பது வாட் குண்டு பல்பின் கீழே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. கண்ணின் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் உண்டு. பார்த்தவர்கள் தாய்மையின் மெருகு என்றார்கள். சோர்ந்து படுத்தால் மசக்கை, வாந்தி என்றாலும் மசக்கை. நம் கவிதைகளும்—என்னுடைய முதல் தொகுப்பு உட்பட—இந்த மெருகை எவ்வளவு பாடியிருக்கின்றன என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

சுகாதாரத் துண்டறிக்கைகள் 'தாய்மார்களே, நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று தொடங்குகின்றன. சரியான அறிவுரை, காய்ச்சினால் வைரஸ் சாகும். ஆனால் குழாயில் கழிவு எப்படி ஏறுகிறது? சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில், நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். பக்கத்து வடிகாலின் கசிவை விரிசல் வழியாகக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் உறிஞ்சும். பொறியியலின் பழுதைத் தாய்மாரின் அடுப்பில் சரிசெய்யச் சொல்கிறது துண்டறிக்கை. எரிவாயு யார் காசு, ஆற வைத்துத் துணி கட்டி வைப்பது யார் வேலை என்பதெல்லாம் அதில் வராது.

போன பருவத்தில் குரூவின் அட்டவணையைத் தமிழில் பெயர்த்து, முதுகலை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். பெண்ணியத் திறனாய்வுத் தாளுக்கு. கண் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம், விடாத வாந்தி, பேச்சுக் குழப்பம், இதில் எது வந்தாலும் கர்ப்பிணி அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பாடத்துக்கு வெளியே சொல்லிவைத்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "எங்கக்காவுக்கு எட்டு மாசம் மேடம். மஞ்சளா போகுதுன்னு நேத்து சொன்னா. கீழாநெல்லி குடுத்திருக்காங்க." பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிப் போனாள். வருகைப் பதிவில் அவளுக்கு வந்ததாகவே போட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். ரத்தப் பரிசோதனையில் காமாலை இல்லையாம், உடம்பில் நீர் குறைந்ததுதானாம். தறியில் உட்கார்ந்தால் அடிக்கடி எழுந்து போக முடியாது என்று அவளுடைய அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம்.