அரை மணி வைத்தியம்

பல் வலி என்றால் மூன்று டாக்டர்களிடம் வாயைத் திறந்து காட்டி, யார் சொல்வது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மனசு வலித்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கேமரா வைத்து.

எவரெட் ஷோஸ்ட்ராம் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1965-ல் வெளியிட்ட பாடப்படம் அது. குளோரியா என்ற, விவாகரத்தான முப்பது வயதுப் பெண், ஒரே நாளில் மூன்று ஜாம்பவான்களிடம் அடுத்தடுத்துப் பேசுகிறார். ஆளுக்கு அரை மணி போல. இன்றைக்கும் உளவியல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

முதலில் கார்ல் ரோஜர்ஸ். விவாகரத்துக்குப் பிறகு யாருடனாவது உறவு உண்டா என்று ஒன்பது வயது மகள் கேட்டிருக்கிறாள். இல்லை என்று பொய் சொல்லிவிட்டார் அம்மா. உண்மையைச் சொன்னால் குழந்தை பாதிக்கப்படுமா? எப்படி எப்படியோ கேட்டுப் பார்க்கிறார். மனுஷர் பதிலே சொல்வதில்லை. அவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். எனக்கே எரிச்சல் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைக் கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் தனக்குத் தானே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். நீங்கள் என் அப்பாவாக இருந்திருக்கலாம் என்று கண்கலங்கும்போது, நல்ல மகளாகத்தான் எனக்குத் தெரிகிறாய் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார் ரோஜர்ஸ். டெக்னிக்கா, பாசமா? ஆய்வாளர்கள் அதற்காக இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ். கையில் சிகரெட். பயமாக இருக்கிறது என்கிறார் குளோரியா. பயம் என்கிறாய், சிரிக்கிறாயே என்று பிடித்துக்கொள்கிறார். காலை ஆட்டினால் அதைக் கேட்கிறார். நீ போலி என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். சிரிப்பு என்பது கவசம், அதை உடைத்தால்தான் உள்ளே இருப்பவர் வெளியே வருவார் என்பது அவர் கட்சி. கோபம் வெளியே வந்தது, வாஸ்தவம். எனக்கென்னவோ அது வைத்தியம் மாதிரித் தெரியவில்லை. காலேஜ் ராகிங் மாதிரி இருந்தது.

மூன்றாவது, ஆல்பர்ட் எல்லிஸ். பரீட்சைக்கு முதல் நாள் ட்யூஷன் வாத்தியார் பாதி சிலபஸை ஒரே மூச்சில் முடிப்பாரே, அப்படி ஒரு வேகம். பிடித்த ஆண்களிடம் பேசத் தயங்குகிறாயா? அவன் நிராகரித்தால் உலகமே இடிந்துவிடும் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்கிறாய், அந்த நினைப்பை மாற்று, துணிந்து போய்ப் பேசு. வீட்டுப்பாடம் வேறு. காலையிலிருந்து பேசிக் களைத்துப்போன பெண் பாவம், தலையாட்டுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், படத்தில் சுமாராகத் தெரிகிற இந்த எல்லிஸ் வழியில் வளர்ந்த சிபிடிதான் பிற்காலத்தில் அதிகமாக ஆராயப்பட்ட, பரவலாகக் கையாளப்படுகிற சிகிச்சையானது. நான் பி.காம். ஒருநாள் கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு வருஷ லாபம் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். இந்தப் படம் அதைத்தான் செய்கிறது. கடைசியில் குளோரியாவிடம் கருத்தும் கேட்கிறார்கள். இப்போதைக்கு எனக்கு அதிகம் உதவக்கூடியவர் பெர்ல்ஸ்தான் என்கிறார். படம் முடிந்தது. மார்க் போட்டாயிற்று.

படத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. பிற்பாடு குளோரியாவே சொன்னது முதலாவது. படப்பிடிப்பு முடிந்து வெளியே நின்றிருந்தபோது, கையைக் குவித்து நீட்டும்படி பெர்ல்ஸ் சைகை காட்டினாராம். ஏனென்று தெரியாமலே இவரும் நீட்டினார். அந்த உள்ளங்கையில் சிகரெட் சாம்பலைத் தட்டினார் அந்த மேதை.

இரண்டாவது ரோஜர்ஸ் எழுதியது. சில காலம் கழித்து அவரையும் அவர் மனைவியையும் சந்தித்த குளோரியா, உங்கள் இருவரையும் மானசீகமாக என் அப்பா அம்மாவாக நினைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றார்கள். 1979-ல் ரத்தப் புற்றுநோயில் இறக்கும் வரை அவ்வப்போது கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மொத்தப் பழக்கத்துக்கும் ஆரம்பம், கேமராவுக்கு முன்னால் அந்த அரை மணி.