கல்விப் பெருமையும் இரு கதைகளும்

மலாயாத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் ஆட்சி நடந்த காலத்தில், அவரனைவரும் இங்கிலீஷ்காரரே என்று நம்மவர் பலர் எண்ணியிருந்தனர். உண்மையில் அவருள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தோர் பலர். 1707-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஒரே பார்லிமெண்டின் கீழ் வந்துவிட்ட போதிலும், "கல்வியில் சிறந்தவர் எவர்?" என்ற வழக்கு மட்டும் அவ்விரு சாராரிடையே தீரவில்லை. அவ்வழக்கு இலக்கியத்தில் எவ்வாறு உருக்கொண்டது என்பதையும், அதனால் மறைந்துபோன உண்மை எது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

ஸ்காட்லாந்தியர் கூறும் சான்றுகள் வலியன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரண்டே சர்வகலாசாலைகள் இருந்தன. ஸ்காட்லாந்திலோ 1600-க்கு முன்னரே செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகிய நான்கு நகரங்களில் உயர்கல்வி நடைபெற்று வந்தது. 1696-ஆம் ஆண்டுச் சட்டம், திருச்சபை வட்டந்தோறும் ஒரு பாடசாலையும் ஓர் உபாத்தியாயரும் இருக்க வேண்டுமென்றும், அதன் செலவை நிலக்கிழார் ஏற்க வேண்டுமென்றும் விதித்தது. இங்கிலாந்தில் ஆரம்பக் கல்வியை நாடெங்கும் பரப்ப வழிசெய்த சட்டம் 1870-இல்தான் பிறந்தது. கிளாஸ்கோவில் பயின்று 1740-இல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற ஆடம் ஸ்மித், அங்கே ஆசிரியருட் பெரும்பாலோர் கற்பிப்பதேயில்லை என்று 1776-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில் கண்டித்தார். பாடம் நடத்தினும் நடத்தாவிடினும் சம்பளம் வருமாயின் உழைப்பவர் யார் என்பது அவர் வாதம்.

இங்கிலீஷ்காரர் பக்கத்து வாதியாய் நின்றவர் டாக்டர் ஜான்சன். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் ஓட்ஸ் தானியத்திற்குப் பொருள் எழுதுமிடத்திலும் ஸ்காட்லாந்தியரைக் கிண்டல் செய்தவர் அவர். அவ்வகராதிக்கு எழுத்துவேலை செய்த அறுவருள் ஐவர் ஸ்காட்லாந்தியர் என்பதும், அவர் வாழ்க்கையை எழுதி அவருக்கு அழியாப் புகழ் தேடித் தந்த பாஸ்வெல்லும் ஸ்காட்லாந்தியரே என்பதும் வேடிக்கை. ஸ்காட்லாந்தில் கல்வி எல்லோருக்கும் சிறிது கிடைக்கிறது, நிறையப் பெற்றவர் ஒருவருமில்லை என்ற கருத்தில் ஜான்சன் பரிகசித்ததையும் அந்தப் பாஸ்வெல்லே குறித்து வைத்தார்.

இப்பரிகாசத்திற்கு விடை யாது? "ஆம், எங்கள் நாட்டில் ஏழைக்கும் சிறிது கிடைக்கிறது, அதுவே எங்கள் பெருமை" என்று மார்தட்டியிருக்கலாம். ஸ்காட்லாந்தியரோ ஹியூம், ஸ்மித், வாட் என்று பெரியோர் பெயர்களை அடுக்கினர். எதிராளியின் அளவுகோலையே தாமும் கையிலெடுத்தனர். பிழை அங்கே தொடங்கிற்று.

அப்பிழையின் அழகிய வடிவம் இயன் மக்லாரன் என்னும் புனைபெயர் கொண்ட ஜான் வாட்சன் 1894-இல் வெளியிட்ட 'பிசைட் தி பானி பிரையர் புஷ்' என்னும் கதைத் தொகுதி. டிரம்டாக்டி என்னும் சிற்றூரில் டாம்சி என்ற முதிய உபாத்தியாயர், ஜார்ஜ் ஹவ் என்னும் ஏழைச் சிறுவனிடம் அறிவின் ஒளியைக் காண்கிறார். வசதியுள்ள குடியானவர் ஒருவரிடம் வாதாடிப் பொருள் பெற்று, அவனை எடின்பரோவுக்கு அனுப்புகிறார். அவன் பரிசுகளை வென்று ஊருக்குப் பெயர் தேடித் தந்து, நோயுற்றுத் திரும்பி இறந்துபோகிறான். கண்ணீரை வரவழைக்கும் கதைதான். இங்கிலாந்திலே பிறந்து, லிவர்பூலில் பாதிரியாராய் இருந்த ஒருவர் அதனை எழுதினார் என்பதை மறக்கலாகாது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஊர் எப்போதும் அழகாகவே தோன்றும்.

இதற்கு மறுப்பாக எழுந்தது ஜார்ஜ் டக்ளஸ் பிரௌன் 1901-இல் எழுதிய 'தி ஹவுஸ் வித் தி கிரீன் ஷட்டர்ஸ்' என்னும் நாவல். இவரும் கிளாஸ்கோவில் கற்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்றவர். இவர் படைத்த கூர்லே என்னும் செருக்குடைய வியாபாரி, தன் போட்டியாளனின் மகன் கலாசாலைக்குப் போகிறான் என்ற ஒரே காரணத்தால் தன் மகனையும் அனுப்புகிறான். அப்பையனும் ஒரு கட்டுரைப் பரிசு பெறுகிறான். பின் குடியில் வீழ்ந்து, கலாசாலையினின்று விலக்கப்பட்டு, வீடு திரும்பித் தந்தையைக் கொல்கிறான். போட்டிக்காகத் தரும் கல்வி கல்வியாகாது என்ற உண்மையை இதனினும் கடுமையாகச் சொன்ன நாவல் அரிது. ஆயினும் பிரௌனின் ஊரில் நல்லவரைக் காண்பது அருமை. முன்னவர் தேனையே பொழிந்தார். இவர் வேம்பையே பிழிந்தார்.

இரு நூல்களிலும் ஒரு குறை பொதுவாக உளது. இரண்டும் கலாசாலைக்குச் சென்ற ஒரு பையனையே நோக்குகின்றன. டாம்சியின் பெஞ்சில் ஜார்ஜுக்கு அருகே அமர்ந்திருந்த மற்றச் சிறுவர் எங்கே? டேவிட் லிவிங்ஸ்டன் பத்து வயதில் பிளான்டயர் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, காலை ஆறு முதல் இரவு எட்டு மணி வரை உழைத்தபின் இராப்பள்ளியில் கற்று முன்னேறினார் என்று போற்றுகின்றனர். போற்றத்தக்கதே. ஆனால் அதே ஆலையில் உழைத்துச் சோர்ந்து உறங்கிய ஏனைச் சிறுவரைப் பற்றிப் பேசுவார் யார்? 1872-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் மலைநாட்டாரின் கேலிக் மொழிக்கு இடமே தரவில்லை. 1869-இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் இங்கிலீஷ் மாதும் அவர் தோழியரும் எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது எதிர்ப்பே, பட்டம் கிடைக்கவில்லை. லண்டன் சர்வகலாசாலை 1878-இலேயே பெண்களுக்குப் பட்டவாயிலைத் திறந்தது. ஸ்காட்லாந்தில் அது 1892-இல்தான் திறந்தது. இங்கிலாந்தும் செருக்குறுவதற்கில்லை: ஆங்கிலத் திருச்சபையைச் சாராதாருக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த தடைகள் பெரும்பாலும் நீங்க 1871 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு சமூகத்தின் கல்வியை அதன் உச்சியில் நிற்கும் ஒருவனைக் கொண்டு அளத்தல், குன்றின்மேலிட்ட விளக்கைக் காட்டி ஊரெல்லாம் வெளிச்சம் என்பதை ஒக்கும். ஜான்சன் இகழ்ச்சியாகச் சொன்ன அந்தச் "சிறிது", உண்மையிலேயே எல்லோருக்கும் கிடைத்திருக்குமாயின், அது எந்தச் சர்வகலாசாலையினும் பெரிய சாதனை. ஜார்ஜ் ஹவ்வின் கதையைப் படித்துக் கண்கலங்குவோர், அவன் அருகே இருந்த பெயரில்லாச் சிறுவனையும் ஒருகணம் நினைப்பாராக. அவன் கதையை எழுதும் ஆசிரியரே இவ்வழக்கைத் தீர்ப்பார்.