விழுந்த பிறகு தொடங்கும் பயிற்சி

பார்க்கின்சன் நோயாளியின் பின்னால் நின்று, தோள்களைச் சட்டென்று தம் பக்கம் இழுத்துப் பார்ப்பார் மருத்துவர். சமநிலை கெடாதவர் ஓரிரண்டு அடி பின்வைத்துத் தாமே நின்றுகொள்வார். கெட்டவர் வெட்டிய மரம்போலச் சாய்வார், பிடிக்காவிட்டால் விழுவார். விறைப்பைத் தளர்த்தி அசைவை எளிதாக்கும் லெவோடோபா மாத்திரை இந்தச் சாய்வைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதனால்தான் பிசியோதெரபியின் மேல் இவ்வளவு எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு வீணல்ல. அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளை மூன்று குழுவாக்கி 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு குழுவுக்குத் தைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, ஒன்றுக்குத் தசை வலுவூட்டல், ஒன்றுக்கு வெறும் உடல் நீட்டல். 2012இல் வெளிவந்த முடிவில் சமநிலையில் முந்தியது தைச்சி. வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். உடல் எடையைப் பாதத்தின் விளிம்புவரை கொண்டுபோய், விழாமல் திரும்பக் கொண்டுவரும் பழக்கம் அது. தசை வலு மட்டும் போதாது, உடல் தன் எல்லையை அறிய வேண்டும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

ஆனால் சோதனை அறையில் மதிப்பெண் ஏறுவது வேறு. வீட்டில் விழாமல் இருப்பது வேறு. குளியலறை வாசலில் திரும்பும்போது, கையில் டம்ளரோடு பேசிக்கொண்டே நடக்கும்போது, கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அந்த நொடியில்தான் பலர் விழுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 231 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு: மொத்தமாகப் பார்த்தால் விழுவது குறையவில்லை. பிரித்துப் பார்த்தால், நோய் கடுமையாகாதவர்களிடம் 69 விழுக்காடு குறைந்திருந்தது. கடுமையானவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எல்லோர் கையிலும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை இதற்கு மேலும் எப்படி ஏற்பது? நோய் முற்றியவருக்குப் பக்கத்தில் ஆள் நின்று செய்விக்க வேண்டும்.

இன்னொரு குறை, பலன் தங்குவதில்லை. தரையில் கோடு, தாளத்துக்கு நடை போன்ற உத்திகள் உடனே உதவுகின்றன. ஆனால் 2007இல் வந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், மூன்று வாரப் பயிற்சி நின்று ஆறு வாரத்துக்குள் பலன் பெரிதும் கரைந்துவிட்டது. பிரிட்டனில் 762 பேர் பங்கேற்ற ஆய்வில், சில அமர்வுகளோடு பிசியோதெரபியும் தொழில்வழிச் சிகிச்சையும் நின்றுபோனவர்களிடம் அன்றாட வேலைகளில் முன்னேற்றமே இல்லை. பல் துலக்குவதைப்போல நாள்தோறும் செய்ய வேண்டியதை, பத்து நாள் கோர்ஸாக முடிப்பது பயிற்சியின் குற்றமல்ல, கொடுக்கும் முறையின் குற்றம்.

அதைவிடப் பெரிய குற்றம், காலம் தாழ்த்துவது. இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பலர் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கிறார்கள். பயிற்சி நன்றாகப் பலிக்கும் காலம் அதற்குள் கடந்துவிடுகிறது. வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், முதல் மாத்திரைச் சீட்டு எழுதும் அன்றே பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.