டன்கிர்க் பாலத்தில் நடந்தவர்கள்

கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' 2017-இல் வெளிவந்தபோது இந்தியாவில் ஒரு கேள்வி எழுந்தது: நம்ம ஆட்கள் எங்கே? அதற்குப் பதிலும் உடனே வந்தது. 3,38,000 பேர் தப்பிய இடத்தில் சில நூறு பேரைக் காட்டலைன்னா என்ன குறைஞ்சு போச்சு? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது.

முதலில் அந்தச் சில நூறு பேர் யாரென்று பார்ப்போம். பிரிட்டிஷ் ராணுவம் அப்போது மோட்டார் வண்டிகளுக்கு மாறிவிட்டது. பனியிலும் சேற்றிலும் லாரி திணறும் இடங்களில் சுமை தூக்கக் கோவேறு கழுதைகள் தேவைப்பட்டன. அவற்றை நடத்தத் தெரிந்தவர்கள் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். 'கே6' என்ற அந்தப் படை 1939 டிசம்பரில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. அதில் பெரும்பாலானோர் பஞ்சாபி முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மேஜர் அக்பர் கான் தலைமையில் சுமார் 300 பேர், கழுதைகளை விட்டுவிட்டு, 1940 மே கடைசியில் டன்கிர்க்கின் கிழக்கு அலைதடுப்புப் பாலத்தில் நடந்துபோய்க் கப்பலேறினார்கள். நோலன் படத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே, அதே பாலம்தான்!

இப்போ படத்துக்கு வருவோம். அதில் ஒரு பிரெஞ்சுக்காரன், செத்துப்போன ஆங்கிலச் சிப்பாயின் உடுப்பை மாட்டிக்கொண்டு தப்பப் பார்க்கிறான். படகின் பாரத்தைக் குறைக்க ஒருவன் இறங்கியாக வேண்டும் என்றதும் எல்லோர் பார்வையும் அவன் மேல்தான் விழுகிறது. கப்பலில் யாருக்கு இடம், யார் அந்நியன்? படத்தின் ஆகச் சிறந்த கேள்வி இது. அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கக்கூடியவர்கள் அதே பாலத்தில் நின்றிருக்கிறார்கள். அவர்களை விட்டதில் நஷ்டம் படத்துக்கே. தலையெண்ணிக்கையை வைத்து இதைச் சமாதானம் செய்ய முடியாது.

சினிமாவில் காட்டினால் மட்டும் என்ன ஆகிடும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். ரஷீத் பூஷாரெப் இயக்கிய 'அந்திஜேன்' 2006-இல் வந்தது. பிரான்சுக்காகப் போரிட்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம் சிப்பாய்களின் கதை. கப்பலில் தங்களுக்குத் தக்காளி மறுக்கப்படும்போது அவர்கள் கொதிக்கும் காட்சி ஒன்று போதும், மொத்த அவமானமும் புரிந்துவிடும். முன்னாள் காலனிகளைச் சேர்ந்த வீரர்களின் ஓய்வூதியத்தைப் பிரான்ஸ் 1959 சட்டத்தின் மூலம் உயராமல் முடக்கி வைத்திருந்தது. படத்தைப் பார்த்த அதிபர் ஜாக் சிராக், அதே ஆண்டு அதைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக்க முன்வந்தார். அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கலையாக 'அந்திஜேன்' கொஞ்சம் பழைய பாணி. நோலனின் தொழில்நுட்பம் அதில் கிடையாது. ஆனாலும் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கே6 வீரர்கள் 9 பேரின் கல்லறைகள் ஸ்காட்லாந்தின் கிங்யூசி ஊரில் இருக்கின்றன. டன்கிர்க் என்றதும் அந்த ஊரும் நினைவுக்கு வரும்படி யாராவது ஒரு படம் எடுக்கட்டும்.