கலக்கமா, குமுறலா?

லாசருவின் கதை என்றதும் இயேசு அழுத இடம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதற்கு இரண்டு வசனம் முன்னால் இன்னொரு உணர்ச்சி இருக்கிறது. தமிழில் வாசித்தால் அது கண்ணிலேயே படாது.

யோவான் 11:33இல் உள்ள கிரேக்க வினை 'எம்ப்ரிமாவோமாய்'. நாடகாசிரியர் எஸ்கிலஸ், கடிவாளம் பூட்டிய குதிரைகள் மூச்சுவிட்டுச் சீறுவதற்கு இதைப் பயன்படுத்தினார். புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில் இச்சொல் வருகிறது. புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ்த் திருப்புதலில் மத்தேயு 9:30, மாற்கு 1:43 இரண்டிலும் 'கண்டிப்பாய்'. மாற்கு 14:5இல், தைலம் ஊற்றிய பெண்மீது பாய்கிறவர்கள் 'முறுமுறுத்தார்கள்'. மூன்றிலும் கடுமை இருக்கிறது. லாசருவின் கதைக்கு வந்ததும், 33, 38 இரண்டு வசனங்களிலும், அதே வினை 'கலங்கி' ஆகிவிடுகிறது. கோபம் காணாமல் போய்விட்டது.

அழுகிறவர்கள் நடுவில் நிற்கிறவர் சீறுவாரா என்ற தயக்கம் புரிகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருப்புதலும் அதை முனகலாக்கியது. ஆனால் லூதரின் ஜெர்மனில் அவர் கடுஞ்சினம் கொள்கிறார்.

'கலங்கு' மோசமான சொல்லா? இல்லை, அருமையான சொல். ஆனால் அது அடுத்த வினைக்கு உரியது. அதே வசனத்தில் பின்னால் வருவது 'தராஸ்ஸோ'. குளத்துத் தண்ணீர் கலக்கப்படுவதற்கும் (5:7), இருதயம் கலங்குவதற்கும் (14:1) யோவான் பயன்படுத்தும் சொல் அதுதான். அங்கெல்லாம் தமிழ் சரியாகவே சொல்கிறது. இங்கே மட்டும் 'கலங்கி'யை முதல் வினைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதற்குத் துயரத்தை வைத்துவிட்டார்கள்.

முதல் வினைக்கு நான் 'குமுறி' என்று போடுவேன். இடி குமுறும், எரிமலை குமுறும், மனசும் குமுறும். அதில் சினமும் உண்டு, வலியும் உண்டு.

அப்படியென்றால் யார்மீது கோபம்? மரணத்தின்மீது என்கிறார்கள் சிலர். சுற்றி நின்றவர்களின் அவநம்பிக்கைமீது என்கிறார்கள் வேறு சிலர். யோவான் காரணம் சொல்லவில்லை. அந்தக் கேள்வி தமிழ் வாசகருக்கும் வந்து சேர வேண்டும். 'கலங்கி' என்றதும் கேள்வியே எழாமல் போகிறது.

இத்தனைக்கும் இது நமக்கு அந்நியமான உணர்ச்சி இல்லை. ஒப்பாரியில் செத்தவரையே திட்டுவார்கள். 'இப்படி விட்டுட்டுப் போயிட்டியே' என்பதில் அழுகை எது, ஆத்திரம் எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சாவு வீட்டில் கோபம் வரும் என்பது தமிழுக்குத் தெரியும். திருப்புதலில்தான் அதற்கு இடம் கிடைக்கவில்லை.