வீடு பார்த்தாச்சா?

அக்கா மகனுக்குப் போன தை மாசம் தர்மபுரியில் கல்யாணம். விருந்துச் சாப்பாடு செரிக்கிறதுக்குள்ளே பெரியவங்க ஆரம்பிச்சுட்டாங்க. ‘எத்தனை நாளைக்குடா வாடகை குடுப்பே? அந்தக் காசை லோனுக்குக் கட்டினா வீடாச்சும் மிஞ்சும்!’ பையன் என்கிட்டே வந்தான். ‘நீங்க சொல்லுங்க மாமா, பி.காம். படிச்சவராச்சே.’

பதில் சொல்லாமல், ரெண்டு பேரையும் உட்காரவெச்சு, பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் போட்டுக் காட்டினேன்.

1988-ல் வந்த படம். வீடு கட்டப் பயமுறுத்துகிற படம் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அர்ச்சனா நடித்த சுதாவுக்கு முதலில் வீட்டு ஆசையே கிடையாது. குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். அந்தப் பதற்றத்தில்தான் தாத்தாவின் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று, மற்றதில் கட்டத் துணிகிறாள். கான்ட்ராக்டர் சிமென்ட்டில் கைவைக்கிறார். எல்லாம் தாண்டி வந்தால், அந்த இடம் ஏற்கெனவே தங்களுடையது என்கிறது குடிநீர் வாரியம். பிளான் அப்ரூவல் கையில் இருந்தும்!

எனக்கு ஒரே ஒரு குறை. வீடு முடியாமலே படம் முடிவதால், கடன் இருபது வருஷம் என்ன செய்யும் என்பதற்குள் அது போகவில்லை. அதை நான் போட்டுக் காட்டினேன். 20 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 20 வருஷம். மாசம் கிட்டத்தட்ட 18,000 ரூபாய் தவணை. அதில் முதல் மாசம் 15,000 வட்டிக்கே போய்விடும். பையன் கொடுக்கும் வாடகையோ 7,000. வட்டி மட்டும் வாடகை இல்லையா? வங்கிக்குக் கட்டும் வாடகைதானே! பத்திரச் செலவு தனி. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவிகிதம்.

‘அப்போ வாடகையே போதும்கறீங்களா?’ என்றாள் புதுப்பெண்.

அங்கேதான் என் கணக்கு உதைத்தது. செழியனின் ‘டூ லெட்’ ஞாபகம் வந்தது. 2007-ல், ஐ.டி. சம்பளத்தால் சென்னை வாடகை எகிறிய நேரம். சின்னப் பையனோடு வீடு தேடும் தம்பதி, ஒவ்வொரு வாசலிலும் இன்டர்வியூ மாதிரி நிற்கிறார்கள். அந்த அவமானத்துக்கு எந்த லெட்ஜரில் பற்று எழுதுவீர்கள்?

ஆனால், சுதாவின் சிக்கல் சென்னையோடு போச்சு என்று நினைக்காதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்! 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் பார்த்தால் மட்டும் போதாது, மனைப்பிரிவுக்கு அப்ரூவல் இருக்கா என்றும் பாருங்கள்.

தர்மபுரியில் இன்னொன்றும் பார்க்கணும், தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் கெடும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குழாய் உங்கள் மனை வரைக்கும் வந்திருக்கிறதா? போர் தண்ணியை நம்பித்தான் குடியேறணுமா? மனை விற்கிறவர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்.

படம் முடிந்ததும் அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். ‘பாதி கட்டின வீட்டைப் பார்க்க, அந்தத் தாத்தா ஏன் தனியா போனாரு?’ சொக்கலிங்க பாகவதர் அந்தக் காட்சியில் நடந்த நடையைத்தான் அவள் மறக்கவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

இப்போதைக்கு வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து மனை பார்க்கப் போகிறார்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்து வர, கையில் காலி பாட்டிலோடு.