விலை கொடாத வரங்கள்

காதல் நாவல்களையும் மாயக் கதைகளையும் பற்றித் தீர்ப்புச் சொல்ல முற்படும் விமர்சகர்களுள் பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமலே சொல்லிவிடுகிறார்கள் என்பதும், அவற்றைப் படித்து இன்புறுகிறவர்களோ தம் அபிப்பிராயத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதும் நம் இலக்கிய உலகில் நெடுங்காலமாக நிலவி வரும் ஒரு குறை. நான் இவ்விரு வகை நூல்களையும் விருப்பத்தோடு படித்து வருகிறவன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும், ஓசூருக்கு அருகிலுள்ள கெலமங்கலத்தில் இருந்துகொண்டு படிக்கிறவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் ஓசூரின் தொழிற்பேட்டைகளும், அண்மையில் எங்கள் பக்கத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலையும் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை இங்கே வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பும் அந்தப் பெண்களின் கைபேசியில் ஓடுவது பல சமயம் ஒரு தொடர்கதைதான். இந்நாவல்களின் மெய்யான வாசகர் கூட்டத்தின் நடுவே நின்று பேசுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டிய சிறப்பைச் சொல்கிறேன். தமிழில் பெண்கள் பெண்களுக்காக எழுதிய கதைமரபு இன்று நேற்றுத் தோன்றியதன்று. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் ‘ஜகன்மோகினி’யைத் தம் பொறுப்பில் ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். டாக்டராகவும் நாவலாசிரியையாகவும் விளங்கிய லக்ஷ்மி அவ்வழியில் வந்தார். 1969-ல் ‘ராணிமுத்து’ தொடங்கிய பின் மாத நாவல் என்பது மளிகைச் சாமான்களோடு வீட்டுக்குள் நுழையும் பொருளாயிற்று. ரமணிச்சந்திரனின் நாவல்கள் வாடகை நூலகங்களின் அலமாரிகளை நிறைத்தன. அவர் நடையில் ஆடம்பரம் இல்லை; வீட்டுப் பேச்சின் இயல்பும், சிறு அவமானம் ஒன்று ஒரு பெண்ணின் மனத்தில் எவ்வளவு நேரம் எரிந்துகொண்டிருக்கும் என்ற நுட்பமான அறிவும் உண்டு. எத்தனையோ பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தராத வாசிப்புப் பழக்கத்தை இந்நூல்கள் தந்தன என்பதை மறுப்பவன் நன்றி மறந்தவன்.

ஆனால் இம்மரபில் ஒரு பெருங்குறை வேரூன்றிவிட்டது. நாயகன் செல்வந்தன், கோபக்காரன், நாயகியைத் தவறாகச் சந்தேகிப்பவன். அவளை அவமதிக்கிறான், சில கதைகளில் பலவந்தமாகத் தாலியே கட்டிவிடுகிறான். இறுதி அத்தியாயத்தில் உண்மை வெளிப்பட, ஒரு சொட்டுக் கண்ணீரோ ஒரு கடிதமோ போதுமானதாகி, அத்தனை கொடுமையும் அன்பின் மிகுதியென்று பெயர் மாற்றம் பெற்றுவிடுகிறது. கைபேசியில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவரும் இக்காலத் தொடர்களில் இது ‘ஆன்டி ஹீரோ’ என்ற தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. கொடுமை நூறு அத்தியாயம், திருந்துதல் ஓர் அத்தியாயம்! கொடுமை செய்தவன் திருந்தவே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. திருந்துவதற்கு அவன் எதை இழந்தான், இழந்ததை அவள் எப்படி அளந்து பார்த்தாள் என்பதைக் காட்டாத கதை, தன் நாயகியின் துன்பத்தையே பொய்யாக்கிவிடுகிறது என்கிறேன்.

எல்லைக்கு அப்பால், எங்களுக்கு வெகு அருகில், இதற்கு மாற்று உதாரணம் இருக்கிறது. கன்னடத்தில் திரிவேணி எழுதிய ‘சரபஞ்சரம்’ நாவலைப் புட்டண்ணா கணகால் 1971-ல் திரைப்படமாக்கினார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் பேதலித்து, சிகிச்சையால் குணமடைந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணை ஊரும் உறவும், அவளைக் காதலித்து மணந்த கணவனுங்கூட, பழைய கண்ணோடு பார்க்க மறுப்பதால் அவள் மீண்டும் நிலைகுலைந்து போகிறாள். அதுவும் காதல் கதைதான். ஆனால் அன்பு தவறும்போது அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை மறைக்காத கதை. தெலுங்கில் யத்தனபூடி சுலோசனா ராணியின் ‘செக்ரெட்டரி’ இத்தனை கடுமையானதன்று. என்றாலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணின் சுயமரியாதையை அது கதையின் மையத்தில் வைத்தது.

வேலை என்று சொன்னதும் பாலகுமாரன் நினைவுக்கு வருகிறார். டிராக்டர் கம்பெனி ஒன்றில் பணியாற்றிய அவர், ‘மெர்க்குரிப் பூக்கள்’ நாவலில் ஆலை வேலைநிறுத்தத்தையும், ‘இரும்புக் குதிரைகள்’ நாவலில் லாரித் தொழிலையும் மனித உறவுகளோடு பிணைத்தார். அவருடைய ஆண் பாத்திரங்கள் அளவுக்கு மீறிப் பிரசங்கம் செய்கிறார்கள் என்பது என் குறை. ஆனால் அவர்கள் எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பது வாசகனுக்குத் தெரியும். இன்றைய காதல் தொடர்களின் நாயகிக்கு வேலை என்பது நாயகனின் கம்பெனியில் போய்ச் சேருவதற்கான உபாயம் மட்டுமே. லைன் லீடரின் ஏச்சும், ஓ.டி. பணத்தில் தம்பிக்குக் கட்டும் கல்லூரிக் கட்டணமும், தெலுங்கு பேசும் பையன்மேல் தமிழ்ப் பெண்ணுக்கு வந்த பிரியத்தை வீட்டில் சொல்லத் தயங்கும் தவிப்பும் எங்கள் பக்கத்தில் நாள்தோறும் நிகழ்கின்றன. அவற்றை எழுத ஆளில்லை.

மாயக் கதைக்கு வருவோம். 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இத்துறையில் செய்தது சிறிய காரியமன்று. கோயிலும் சித்தரும் குலதெய்வ பயமும் தமிழர் மனத்தில் எங்கே உறைந்திருக்கின்றன என்பதை அறிந்து எழுதினார். அவர் கதையில் உருவான ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர் ஒரு தலைமுறையையே இரவில் அச்சத்தோடு விழித்திருக்கச் செய்தது. அதில் ‘விடாது கருப்பு’ எனக்கு மிகச் சிறந்ததாகப் படுகிறது. தெய்வத்தின் தண்டனை என்று ஊர் நடுங்கிய செயல்களுக்கு விடை ஒரு மனித மனத்தின் பிளவில் கிடைக்கிறது. அதனால் தெய்வ நம்பிக்கை சிறுமைப்படவும் இல்லை. அவர் வழியில் எழுதுவோர் பலர் அந்த ஒழுங்கைக் கற்கவில்லை. சிக்கல் முற்றியதும் சித்தர் தோன்றுகிறார், ஓலைச்சுவடி கிடைக்கிறது, அதுவும் போதாவிட்டால் முற்பிறவி இருக்கிறது. மந்திரத்துக்கு எல்லையே இல்லாத உலகில் ஆபத்துக்கு ஏது பொருள்?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 2023-ல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலை ஆவலோடு படித்தேன். டிராகன் எனப்படும் பறவைநாகங்கள் தம் வீரர்களைத் தாமே தேர்கின்றன, தகுதியற்றவர் மாள்கிறார்கள் என்ற கடுமையான விதியோடு அது தொடங்குவது அருமை. ஆனால் நாயகியை மட்டும் ஒன்றல்ல, இரண்டு பறவைநாகங்கள் தேர்கின்றன. விதி அவளுக்காக வளைகிறது. அவள் காதலனோ நம் மாத நாவல்களில் பார்த்துப் பழகிய அதே அகங்காரமும் ஆற்றலும் மிக்க ஆடவன்! காதலும் மாயமும் ஒரே நூலில் சேர்ந்தபோது இரண்டின் குறைகளும் சேர்ந்துகொண்டன.

அற்புதத்தைக் கையாளுவதற்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. எஸ். எல். பைரப்பா 1979-ல் வெளியிட்ட ‘பர்வ’ (பாவண்ணன் தமிழில் தந்த ‘பருவம்’) பாரதக் கதையிலிருந்து அற்புதங்களை அறவே களைந்தது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நாவல்களாக விரிந்து, அதே கதையில் நாகங்களையும் கனவுகளையும் பெருக்கியது. பின்னது சில இடங்களில் அநாவசியமாக நீள்கிறது என்றாலும், இரண்டிலும் எதைப் பெற்றவனும் அதற்கு உரிய கடனைத் தீர்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இத்தகைய கதைக்குரிய பொருள் மண்ணிலேயே கிடக்கிறது. மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள், 1791-ல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இராயக்கோட்டை, யானைகள் உலவும் பெட்டமுகிலாளம் காடு, வயல்வெளி தோறும் நடுகற்கள். ஆநிரை மீட்டோ புலியோடு பொருதோ மாண்டவனை ஊரார் கல்லாக நட்டு வணங்கினார்கள். அவன் தெய்வமானது உயிரைக் கொடுத்த பிறகே. இருந்தும் நம் மாயக் கதாசிரியர்கள் பொதிகைக்கும் சதுரகிரிக்கும் கொல்லிமலைக்குமே மீண்டும் மீண்டும் பிரயாணம் செய்கிறார்கள்.

ஆகவே இத்தகைய கதைகளை நேசிக்கும் வாசகர்களிடம், முக்கியமாக உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அவற்றை வாங்கிப் படிக்கும் இளம்பெண்களிடம், நான் வேண்டுவது இதுதான்: நாயகன் திருந்திவிட்டான் என்று ஆசிரியை எழுதும் அத்தியாயம் வரும்போது, எப்படித் திருந்தினான், அவளுக்கு அதற்கு ஈடாக என்ன செய்தான் என்று தயங்காமல் அந்த ஆசிரியைக்கே எழுதிக் கேளுங்கள்.